இன்ஸ்டால் பண்ண ஆயிரம் பேர், அப்டேட் பண்ண யார்?

ரெண்டே வரி. அவ்வளவுதான். முதல் வரியில ஒரு வால்யூம் உருவாக்கணும். ரெண்டாவது வரி கொஞ்சம் நீளம். அதைக் காப்பி பண்ணி டெர்மினல்ல பேஸ்ட் பண்ணி என்டர் தட்டினா இமேஜ் இறங்கும், கன்டெய்னர் கிளம்பும், பிரவுசர்ல 9443 போர்ட்டைத் திறந்தா போர்ட்டெய்னர் வந்து நிக்கும். சர்வர்ல ஓடுற அத்தனை டாக்கர் கன்டெய்னரையும் மவுஸை வெச்சே நிறுத்தலாம், கிளப்பலாம், லாக் பார்க்கலாம், புதுசா ஒண்ணைச் சேர்க்கலாம். சொந்த சர்வர்ல, பத்து பைசா கட்டாம. பார்க்கிற எல்லாருக்கும் சந்தோஷம். யூட்யூப் வீடியோ அந்த லாகின் பேஜோட முடிஞ்சிடுது. டிரெய்னிங் சென்டர் பாடமும் அங்கேயே முடிஞ்சிடுது. போட்டுக் கொடுத்த ஏஜென்சியோட பொறுப்பும் அங்கேயே முடிஞ்சிடுது.

அப்புறம்? ஆறு மாசம் கழிச்சு? ரெண்டு வருஷம் கழிச்சு?

இதைத்தான் போற இடமெல்லாம் கேட்கிறேன். பதில் சொல்ல ஆளில்லை.

நான் கோயம்புத்தூர் பக்கம் சின்னக் கம்பெனிகளுக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறவன். பம்ப் செய்யறவங்க, ஸ்பின்னிங் மில், நாலு கிளை இருக்கிற ஸ்கேன் சென்டர், இப்படி. பில்லிங், ஸ்டாக், அட்டெண்டன்ஸ், ரிப்போர்ட் எல்லாம் இப்போ கன்டெய்னர்லதான் ஓடுது. அதையெல்லாம் பார்த்துக்க ஒரு போர்ட்டெய்னர் இருக்கும். திறந்து பார்த்தா, போட்ட அன்னைக்கு எந்த வெர்ஷனோ அதே வெர்ஷன். இடது பக்கம் கீழே புது வெர்ஷன் வந்திருக்குன்னு அறிவிப்பு நின்னுக்கிட்டு இருக்கும். தினமும் லாகின் பண்றவங்க கண்ணுல அது படாமலா இருக்கும்? படும். கண்டும் காணாம இருக்காங்க. ஏன்னு கேட்டா எல்லா ஊர்லயும் ஒரே பதில்தான். “ஓடிட்டுத்தான சார் இருக்குது?”

அந்த இன்ஸ்டால் வரியையாவது யாராவது நிறுத்தி நிதானமா படிச்சாங்களா? அதுல ஒரு துண்டு, டாக்கர் சாக்கெட்டை கன்டெய்னருக்குள்ள மவுண்ட் பண்ணுது. அந்த சாக்கெட் கிடைச்சவர் டாக்கர்கிட்ட எதை வேணும்னாலும் செய்யச் சொல்லலாம். சர்வரோட மொத்த டிஸ்க்கையும் மவுண்ட் பண்ணி ஒரு புது கன்டெய்னரைக் கிளப்பி, உள்ளே போய், எந்த ஃபைலையும் மாத்திட்டு வரலாம். அதாவது அந்த வெப் பேஜோட அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சவர் யாரோ, அவர்தான் அந்த மெஷினுக்கே ரூட். இது ஓட்டை இல்லைங்க, அது வேலை செய்யற விதமே அப்படித்தான். டாக்கரோட சொந்த ஆவணமே இதை எச்சரிச்சு வெச்சிருக்கு. அப்பேர்ப்பட்ட பாஸ்வேர்டு எங்க இருக்கு தெரியுமா? ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல. கம்பெனி பேரு, நடுவுல ஒரு அட் குறி, பின்னால வருஷம். குறைஞ்சது 12 எழுத்து வேணும்னு போர்ட்டெய்னர் கேட்டதால கம்பெனி பேரையே ரெண்டு தடவை அடிச்சு நீட்டி வெச்ச இடத்தையும் பார்த்திருக்கேன். வேலையை விட்டுப் போனவர் இன்னும் அந்த குரூப்ல இருக்கார். யாருக்கும் அது உறுத்தலை.

இன்னொரு துண்டு 8000 போர்ட்டைத் திறக்குது. வெளியூர்ல இருக்கிற மெஷின்கள்ல எட்ஜ் ஏஜென்ட் போட்டு இங்கேயிருந்து பார்த்துக்கிறவங்களுக்குத்தான் அது வேணும். ஒரே சர்வர் வெச்சிருக்கிற கடைக்கு எதுக்கு? தேவையில்லைன்னா விட்டுடலாம்னு ஆவணத்துலயே சொல்லியிருக்காங்க. ஆனா காப்பி பண்ண கைக்கு அதையெல்லாம் படிக்க நேரமில்லை.

இந்த போர்ட் விஷயத்துல இன்னும் ஒரு கொடுமை இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். உபுண்டு சர்வர்ல யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருப்பாங்க. ஸ்டேட்டஸ் கேட்டா 22 மட்டும் திறந்திருக்குன்னு காட்டும். நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. ஆனா டாக்கர் தான் திறக்கிற போர்ட்டுக்கான விதிகளை நேரா ஐபிடேபிள்ஸ்ல எழுதிடுது. வர்ற பாக்கெட் யுஎஃப்டபிள்யூ விதிகளை எட்டறதுக்கு முன்னாடியே கன்டெய்னருக்குத் திரும்பிடும். ஃபயர்வால் மூடியிருக்குன்னு சொல்லும், 9443 உலகத்துக்கே திறந்து கிடக்கும். வெளியில க்ளவுட் ஃபயர்வால் தனியா இல்லாத சர்வர்னா கேட்கவே வேண்டாம். போர்ட் நம்பருக்கு முன்னால 127.0.0.1 னு சேர்த்துப் போட்டா அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் கேட்கும், எஸ்எஸ்ஹெச் டனல் வழியாவோ விபிஎன் வழியாவோ உள்ளே வந்துக்கலாம். தீர்வு இவ்வளவு சின்னது. இதை ஏன் எந்த வீடியோவிலயும் முதல் நிமிஷத்துல சொல்ல மாட்டேங்கிறாங்க? டெமோ மெஷின்ல காட்டுறதை அப்படியே ஸ்கேன் சென்டர் சர்வர்ல கொண்டு போய்ப் போடுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா?

முதல் தடவை திறக்கும்போது அட்மின் அக்கவுன்ட் உருவாக்க 5 நிமிஷம்தான் கொடுக்கும். அதுக்குள்ள உருவாக்கலைன்னா பூட்டிக்கும், கன்டெய்னரை ரீஸ்டார்ட் பண்ணணும். இதுக்கு எனக்கு எத்தனை போன்! “சார், டைம்அவுட்னு வருது, சாஃப்ட்வேர் சரியில்லை போலங்க.” சரியாத்தாங்க இருக்கு. அந்தப் பக்கத்தை முதல்ல திறந்து பாஸ்வேர்டு வைக்கிறவர்தான் மொத்த சர்வருக்கும் சொந்தக்காரர். அப்படி ஒரு பக்கத்தை ராத்திரி முழுக்க இன்டர்நெட்ல அப்படியே விட முடியுமா? செய்தவங்க யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. போடறவங்கதான் என்டர் தட்டிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க.

சர்ட்டிஃபிகேட்டும் இதே கதிதான். 9443ல வர்றது தானே கையெழுத்துப் போட்டுக்கிட்ட சர்ட்டிஃபிகேட். பிரவுசர் எச்சரிக்கும். அட்வான்ஸ்டு அழுத்தி உள்ளே போங்கன்னு சொல்லிக் கொடுக்கிறோம். அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டாம்னு ஒரு கம்பெனி முழுக்கப் பழக்கிவிட்டுட்டு, நாளைக்கு அக்கவுன்ட்ஸ்ல இருக்கிற பொண்ணு போலி பேங்க் பக்கத்துல அதே பட்டனை அழுத்தினா யார் குத்தம்?

சரி, அப்டேட்டுக்கு வர்றேன். என் வயித்தெரிச்சல் முழுக்க அங்கதான் இருக்கு.

காசு கட்டுற பதிப்புல உள்ளேயிருந்தே அப்டேட் பண்ண வசதி இருக்கு. இலவசப் பதிப்புல டெர்மினலுக்குத்தான் போகணும். ஓடுற கன்டெய்னரை நிறுத்தணும். அதை அழிக்கணும். புது இமேஜை இழுக்கணும். முதல் நாள் கொடுத்த அதே நீளமான வரியைத் திரும்பக் கொடுக்கணும். இதுல “அழிக்கணும்”ங்கிற இடத்துலதான் எல்லார் கையும் நடுங்குது. நடுங்கத்தான் செய்யும். கன்டெய்னர் போனாலும் டேட்டா வால்யூம்ல பத்திரமா இருக்கும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லித் தரலையே! அது மட்டுமா? அந்த முதல் நாள் வரி எங்க? எந்த போர்ட், எந்த வால்யூம், எந்த டேக்? எழுதி வெச்சவங்க யாரு? போட்டவர் பெங்களூருக்குப் போய் வருஷமாச்சு.

அதே வரியை ஒரு கம்போஸ் ஃபைல்ல எழுதி வெச்சிருந்தா ரெண்டு சின்ன கமாண்டோட அப்டேட் முடிஞ்சிருக்கும். இழு, கிளப்பு. நிறுத்தறதையும் அழிக்கறதையும் டாக்கரே பார்த்துக்கும். ஒரு ஃபைல்! இருபது வரி கூட வராது. அதை எழுதறதுக்கு ஏஜென்சிக்குக் கசக்குது.

இன்னொண்ணும் சொல்றேன். ஆவணத்துல முதல்ல நிறுத்து, அழி, அப்புறம் இழுன்னு வரிசை இருக்கு. என் கையில விட்டா முதல்ல இழுக்கத்தான் சொல்வேன். நம்ம ஊர் இன்டர்நெட்டை நம்பி கன்டெய்னரை அழிச்சுட்டு உட்கார முடியாது. லாகின் பண்ணாம டாக்கர் ஹப்ல இமேஜ் இழுத்தா ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்துக்கு 100 தடவைன்னு 2020 நவம்பர்ல வரம்பு கொண்டு வந்தாங்க. அந்த 100 நமக்கு மட்டும்னு நினைக்காதீங்க. இங்கே பல இணைப்புகள் ஒரே பொது ஐபியைப் பங்கு போட்டுக்குது. நாம ஒண்ணே ஒண்ணு இழுக்கப் போனாலும், அதே ஐபில இருக்கிற முகம் தெரியாத யாரோ வரம்பை ஏற்கெனவே தீர்த்திருப்பார். அதிகமா கேட்டுட்டீங்கன்னு பதில் வரும். ராத்திரி பதினோரு மணிக்கு, போர்ட்டெய்னர் இல்லாம, அந்தச் செய்தியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது எப்படி இருக்கும்னு இந்த வேலையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

ஒரு கம்பெனியில நடந்ததைச் சொல்றேன். பேர் வேண்டாம். போட்டுக் கொடுத்த ஏஜென்சி, இன்ஸ்டால் வரியில வால்யூம் துண்டையே விட்டுட்டாங்க. போர்ட்டெய்னர் அப்பவும் ஓடும். அதோட இமேஜ்லயே டேட்டா ஃபோல்டர் வால்யூம்னு குறிச்சிருக்கிறதால, டாக்கர் தானே ஒரு பேரில்லாத வால்யூமை உருவாக்கி அதுல எழுதிக்கும். பேருக்குப் பதிலா 64 எழுத்துல ஒரு நீள எண் இருக்கும், அவ்வளவுதான். ரெண்டு வருஷம் ஓடுச்சு. அப்புறம் புதுசா வேலைக்கு வந்தவர் பொறுப்பா ஆவணத்தைப் படிச்சு, சரியான வால்யூம் பேரோட அப்டேட் பண்ணார். பக்கத்தைத் திறந்தா, புது அட்மின் அக்கவுன்ட் உருவாக்குங்கன்னு கேட்குது. பழைய யூசர், பழைய செட்டிங் ஒண்ணும் இல்லை. பழைய டேட்டா அந்தப் பேரில்லாத வால்யூம்ல அப்படியேதான் இருந்துச்சு. அது யாருக்கும் தெரியலை. தெரியறதுக்குள்ள, டிஸ்க் நிறைஞ்சிடுச்சுன்னு இன்னொருத்தர் வால்யூம் ப்ரூன் கமாண்டை ஓட்டிட்டார். டாக்கர் 23ல இருந்து அந்த கமாண்ட் எதை அழிக்கும் தெரியுமா? யாரும் பயன்படுத்தாத, பேரில்லாத வால்யூம்களைத்தான்.

போச்சு.

அதுக்குள்ள இருந்தது வெறும் யூசர் லிஸ்ட் இல்லைங்க. போர்ட்டெய்னர்ல ஸ்டாக்னு சொல்லி எடிட்டர்லயே கம்போஸ் ஃபைல் அடிச்சு ஓட்டறோம் இல்லையா, அந்த ஃபைலெல்லாம் அதே டேட்டா ஃபோல்டர்லதான் சேமிச்சு வெச்சிருக்கும். பில்லிங் ஓடுது, டேட்டாபேஸ் ஓடுது, ரிப்போர்ட் ஓடுது. எதையும் எப்படிக் கிளப்பினாங்கங்கிறதுக்கான ஃபைல் மட்டும் உலகத்துல எங்கேயும் இல்லை. புதுப் போர்ட்டெய்னர்ல அந்த ஸ்டாக் எல்லாம் தெரியும், ஆனா வெளியில உருவாக்கினது, கட்டுப்பாடு குறைவுன்னு சொல்லிடும், எடிட் பண்ண விடாது. ஓடிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு கன்டெய்னரையும் இன்ஸ்பெக்ட் பண்ணி, இமேஜ் என்ன, போர்ட் என்ன, எந்த ஃபோல்டர் எங்க மவுண்ட் ஆயிருக்கு, என்னென்ன என்விரான்மென்ட் வேரியபிள்னு பார்த்துப் பார்த்து எல்லாத்தையும் திரும்ப எழுதினோம். நடுவுல கரண்ட் போய், ஒரு கன்டெய்னர் திரும்ப வராம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்போ நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

அந்த ஏஜென்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நாங்க போட்டப்போ ஓடுச்சுல்லங்க?” அவ்வளவுதான் பதில். எனக்கு அன்னைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கலை. பொறுப்பா ஆவணம் படிச்சு வேலை செஞ்ச அந்தப் புது ஆள்தான் கம்பெனியில கெட்ட பேர் வாங்கினார். பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்.

ஸ்டாக் ஃபைலையெல்லாம் ஒரு கிட் ரெப்போவுல வெச்சு, போர்ட்டெய்னரை அங்கேயிருந்து எடுத்துக்கச் சொல்லலாம். அந்த வசதி அதுலயே இருக்கு. இல்லைன்னா டாக்ஜ் மாதிரி ஒண்ணைப் போடலாம், அது கம்போஸ் ஃபைலை டிஸ்க்குல சாதாரண ஃபைலாவே வெச்சிருக்கும், அது போனாலும் ஃபைல் நிக்கும். எதைப் போட்டாலும் சரி, எழுதினது ரெண்டு இடத்துல இருக்கணும். இதைச் சொன்னா, “அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க” னு சொல்றாங்க. பெரிய கம்பெனியில ஃபைல் போனா திரும்ப எழுத நூறு பேர் இருக்காங்க. உங்களுக்கு யாருங்க இருக்காங்க?

லேட்டஸ்ட்ங்கிற டேக் பண்ற அநியாயம் தனி. அந்தப் பேரைப் பார்த்து, அது எப்பவும் புதுசாத்தான் இருக்கும்னு நம்பறாங்க. டேக் எதுவும் கொடுக்காம விட்டா டாக்கர் எடுத்துக்கிற பேர் அது, வேற உத்தரவாதம் ஒண்ணும் இல்லை. 2020ல போர்ட்டெய்னர் 2.0 வந்தப்போ இமேஜ் பேரே மாறி, கடைசியில சிஇன்னு சேர்ந்தது. பழைய பேர்ல லேட்டஸ்ட் இழுக்கிறவங்களுக்குப் பழைய 1 வரிசை வெர்ஷன்தான் வரும். வரும்போது கூடவே, உங்க இமேஜ் அப் டு டேட்டா இருக்குன்னும் சொல்லும். பழைய வீடியோவைப் பார்த்து, பழைய பேர்ல, 9000 போர்ட்டுல போட்டவங்க எத்தனை பேர் அந்த ஒரு வரிச் செய்தியை நம்பி வருஷக்கணக்குல நிம்மதியா இருந்திருப்பாங்க!

டேட்டாபேஸுக்கு லேட்டஸ்ட் போட்டா அது இன்னொரு திசையில அடிக்கும். போர்ட்டெய்னர்ல கன்டெய்னர் பக்கத்துல ரீக்ரியேட்னு ஒரு பட்டன் இருக்கு, இமேஜைத் திரும்ப இழுக்கவான்னும் கேட்கும். போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர்ல அதை அழுத்தினா, நடுவுல பெரிய வெர்ஷன் மாறியிருந்தா, பழைய வெர்ஷன்ல எழுதின டேட்டாவைப் புதுசு தொடவே தொடாது. கிளம்பாது. 2025ல வந்த 18ல இமேஜுக்குள்ள டேட்டா வைக்கிற இடமே மாறிடுச்சு. ஒரு பட்டன்தானேன்னு அழுத்தறாங்க. அதுக்குப் பின்னால டம்ப் எடுக்கணும், புதுசுல ஏத்தணும், சரி பார்க்கணும்னு இருக்கிற வேலை பட்டன்ல எழுதியிருக்காது.

பேக்கப்? போர்ட்டெய்னர் செட்டிங்ஸ்லயே இருக்கு. பாஸ்வேர்டு போட்டு ஒரு ஃபைலா டவுன்லோடு பண்ணிக்கலாம், இலவசப் பதிப்புலயே. புது வெர்ஷன் கிளம்பும்போது தன்னோட டேட்டாபேஸைப் புது அமைப்புக்கு மாத்திடும். பிடிக்கலைன்னு பழைய இமேஜைப் போட்டா அந்த டேட்டாபேஸோட ஓடாது, பேக்கப்ல இருந்துதான் திரும்பணும். அப்போ அப்டேட்டுக்கு முன்னாடி அந்த ஃபைலை எடுத்துக்கணும்னு தெரியுதுல்ல? ஒரு கிளிக். நான் போய்ப் பார்த்த இடங்கள்ல அந்த ஃபைல் இருந்தது ரொம்பக் குறைவு.

இதெல்லாம் படிச்சுட்டு, அப்போ பையன்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு முடிவு கட்டிடாதீங்க. தெரிஞ்ச பையனையும் இந்த ஊர் என்ன பண்ணுதுன்னு கேளுங்க. எனக்குப் பழக்கமான பையன் ஒருத்தன், வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகலை. பழைய வெர்ஷன்ல பாதுகாப்புக் குறை இருக்குன்னு அவனே படிச்சு, பேக்கப் எடுத்து, சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் அப்டேட் பண்ணான். போர்ட்டெய்னரோட டாக்கரையும் அப்டேட் பண்ணதால கன்டெய்னரெல்லாம் ஒரு தடவை நின்னு கிளம்புச்சு. சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துல முதலாளியோட மச்சான் வீட்டிலிருந்து ஏதோ ரிப்போர்ட் திறக்கப் பார்த்திருக்கார். வரலை. உடனே குரூப்ல மெசேஜ். திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் திட்டு.

ராத்திரி எனக்குப் போன் பண்ணான். “அண்ணா, நல்லாத்தான ஓடிட்டு இருந்துச்சு, உன்னை யாரு அதுல கை வைக்கச் சொன்னாங்கன்னு கேக்கறாங்கண்ணா. இனிமே நான் அந்தப் பக்கமே போக மாட்டேண்ணா.”

என்ன சொல்லட்டும் நான்? அவன் செஞ்சது அத்தனையும் சரி. ஒரு நல்ல சர்வர் ஆளை அன்னைக்கு அவங்க கெடுத்தாங்க. இனி அவன் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த அறிவிப்பைப் பார்த்தும் பார்க்காத மாதிரிதான் இருப்பான். இப்படித்தான் ஒவ்வொருத்தரா அப்டேட் பண்றதை நிறுத்தறாங்க. சோம்பேறித்தனம் இல்லைங்க, அடிபட்ட பயம்.

அப்படி நிறுத்தி வெச்சதோட விலை 2025 நவம்பர்ல தெரிஞ்சது. டாக்கர் எஞ்சின் 29 வந்துச்சு. இனிமே 1.44க்குக் கீழே இருக்கிற பழைய ஏபிஐல பேசினா பதில் சொல்ல மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க. லினக்ஸ் அப்டேட்டோட டாக்கர் தானா ஏறிக்கிச்சு. மேல உட்கார்ந்திருந்த பழைய போர்ட்டெய்னர், சொந்த மெஷின்ல இருக்கிற டாக்கரோடவே பேச முடியாம நின்னுடுச்சு. வர்றவங்களை வெப்சைட்டுக்கு வழி காட்டி அனுப்பற ட்ராஃபிக் (Traefik) ப்ராக்ஸிக்கும் அதே கதி, அங்கே வெப்சைட்டே விழுந்தது. கன்டெய்னரெல்லாம் உள்ளே நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்தது. பார்க்கிற ஜன்னல்தான் மூடிக்கிச்சு. பழைய ஏபிஐயையும் ஏத்துக்கோன்னு டாக்கர் அமைப்புல ஒரு வரி சேர்த்து உலகம் முழுக்க அவசரமா சரி பண்ணாங்க. அவசரத்துக்கு அது சரி. அப்புறம் போர்ட்டெய்னரைப் புது வெர்ஷனுக்கு ஏத்தி, அந்த வரியை எடுக்கணும். எத்தனை பேர் எடுத்தாங்க? திரும்ப ஓடுதுல்ல, விடு. அதே பழைய வாசகம்.

கீழே டாக்கர் மட்டும் தானா ஏறும், மேல இருக்கிறது வருஷக்கணக்குல நிக்கும்னா ஒரு நாள் ரெண்டும் பேசிக்காமத்தான் போகும். ஏறினா எல்லாம் சேர்ந்து, ஒரு ஆள் பார்வையில, ரிலீஸ் நோட்ஸ் படிச்சு ஏறணும். வேற மெஷின்ல போட்டிருக்கிற ஏஜென்டையும் அதே வெர்ஷனுக்குக் கொண்டு வரணும். இது அரை மணி நேர வேலை, முன்கூட்டிச் சொல்லிட்டுச் செஞ்சா. அந்த அரை மணி நேரத்துக்கு இந்த நாட்டுல மதிப்பே இல்லை.

ஏசிக்கு ஏஎம்சி போடறாங்க. லிஃப்டுக்கு ஏஎம்சி. ஜெனரேட்டருக்கு, ஆர்ஓ வாட்டர் ஃபில்டருக்குக் கூட வருஷா வருஷம் ஏஎம்சி. ஆள் வந்து கழட்டிச் சுத்தம் பண்ணும்போது அரை மணி நேரம் ஏசி நின்னா யாரும் திட்டறதில்லை, டீ வாங்கிக் கொடுக்கறாங்க. கம்பெனியோட மொத்தக் கணக்கும் ஓடற சர்வருக்கு? கொட்டேஷன்ல பராமரிப்புன்னு ஒரு வரி போட்டா முதல்ல அதைத்தான் அடிக்கிறாங்க. “அதான் ஒரு தடவை போட்டாச்சே, அப்புறம் என்னங்க மாசா மாசம்?” படிச்சவங்க, லட்சக்கணக்குல மெஷின் வாங்கறவங்க, இப்படிக் கேட்கும்போது எனக்கு நிஜமாவே மனசு வலிக்குது.

இன்டர்வியூலயும் இதுதான். கன்டெய்னர் எப்படிக் கிளப்புவன்னு கேட்பாங்க. கிளப்பினது விழுந்தா எப்படித் திரும்பக் கொண்டு வருவன்னு கேட்டு நான் பார்த்ததில்லை. ரெஸ்யூமேலயும் “இன்ஸ்டால் செய்தேன்” மட்டும்தான் இருக்கும். கேட்காததை எதுக்குக் கத்துக்கப் போறாங்க?

செய்தவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. போர்ட்டெய்னரோட இலவசப் பதிப்பு இசட்லிப் உரிமத்துல இருக்கு, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம். 2016ல இருந்து அதை வளர்த்துக்கிட்டு வர்றாங்க. பாதுகாப்புக் குறை வந்தா திருத்தி வெளியிடறாங்க. நிதானமா இருக்கிறவங்களுக்குன்னு எல்டிஎஸ் டேக் தனியாவே வெச்சிருக்காங்க. சும்மா கொடுக்கறவங்க இதுக்கு மேல என்ன பண்ணுவாங்க? நம்ம வீட்டுக்கு வந்து அப்டேட் பண்ணிக் கொடுப்பாங்களா? திருத்தினது அங்கே தயாரா இருக்கு. எடுத்துப் போட நமக்கு ஆள் வைக்க மனசில்லை, வெச்ச ஆளையும் விட மனசில்லை.

அதனால இப்போ யாராவது போர்ட்டெய்னர் போட்டுக் கொடுங்கன்னு கூப்பிட்டா, வந்து உட்கார்றதுக்கு முன்னாடியே சிலதைக் கேட்டுடறேன். கம்போஸ் ஃபைல் எந்த ரெப்போவுல இருக்கும்? பேக்கப் ஃபைல் இந்த மெஷினுக்கு வெளியில எங்க போகும்? அதைத் திரும்பப் போட்டுப் பார்க்க ஒரு பழைய கம்ப்யூட்டர் கொடுப்பீங்களா? மாசத்துல எந்த சனிக்கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும் சர்வர் நிக்கலாம்னு முதலாளி கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டுவாரா, அவர் மச்சானுக்கும் சேர்த்து? அந்த நேரத்துல உட்கார்ந்து வேலை பார்க்கப் போறது யாரு? “ஐடி டீம் பார்த்துக்கும்” னா எனக்குப் போதாது. ஆள் பேர் வேணும், அந்த ஆளுக்கு அன்னைக்கு ஓவர்டைம் உண்டான்னும் சொல்லணும்.